மாடிப்படியில் பதினோரு வரி

எங்கள் கல்லூரியில் மதியப் பிரிவு என்று ஒன்று உண்டு. இரண்டரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடியும். காலை ஷிப்ட் முடித்துவிட்டு வருகிறவர்களுக்காக ஏற்படுத்தியது. பகல் பிரிவுப் பிள்ளைகள் எழுந்துபோன பெஞ்சில் சூடு ஆறுவதற்குள் இவர்கள் வந்து உட்காருவார்கள். வகுப்பில் கிரீஸ் வாடையும் பினாயில் வாடையும் டீசல் வாடையும் ஒன்றாக அடிக்கும். மற்ற ஆசிரியர்கள் ஜன்னலைத் திறப்பார்கள். நான் திறப்பதில்லை. என் அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினவர். அம்மா அதே ஷெட்டில் சிந்தியதைக் கூட்டிப் பெருக்கினவள். நான் எப்படியோ ஆங்கில இலக்கியம் படித்து, ஒப்பந்த விரிவுரையாளராக இங்கே வந்து சேர்ந்தேன். ஒப்பந்தம் என்றால், வருஷா வருஷம் ஜூன் மாதத்தில் வயிற்றில் புளியைக் கரைப்பார்கள் என்று அர்த்தம்.

இறுதியாண்டில் பன்னிரண்டு பேர். அதில் மூன்று பேரைச் சொன்னால் போதும். லாண்ட்ரி அக்கா பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வயது நாற்பத்தாறு. ஈரப் போர்வைகளைத் தொட்டியிலிருந்து வாரித் தூக்கிப் பிழிகிற இயந்திரத்தில் போடுவது அவள் வேலை. தோள் ஆண்பிள்ளைத் தோள் மாதிரி இருக்கும். கிரேன் அண்ணன் சரக்கு யார்டில் கிரேன் ஓட்டுகிறார். உடம்பு பெரிது, குரல் சின்னது. மூன்றாவது ஆள் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேகத்தில் போனில் விரல் ஓடும். வாய் அதைவிட வேகமாக ஓடும்.

அந்த வருஷம் நாடகத் தாளில் நானூறு வருஷத்துப் பழைய ஆங்கில நாடகம் ஒன்று பாடமாக இருந்தது. புத்தகம் கேட்டுத் துறைத்தலைவரின் அறைக்குப் போனேன். அவரைப் பெரிய மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். அதே நாடகத்தைப் பகல் பிரிவுக்குப் பதினெட்டு வருஷமாக நடத்துகிறவர். மேஜையில் இருக்கும் அவருடைய பிரதிக்குத் துணி அட்டை போட்டு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு எழுதி வைத்திருப்பார்.

"புத்தகம் இல்லம்மா. பகல் பிரிவுக்கே முப்பது காப்பிதான் இருக்கு. இனிமே அச்சடிக்க மாட்டாங்களாம்."

"அப்ப மதியப் பிரிவுக்கு?"

"கைடு வாங்கிக்கச் சொல்லுங்க. கதைச் சுருக்கம், பதினஞ்சு கேள்வி, பதினஞ்சு பதில். மனப்பாடம் பண்ணிட்டு எழுதிருவாங்க."

"நாடகத்தையே படிக்காம நாடகத் தாளா மேடம்?"

பெரிய மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் முடிந்தது என்று பொருள். "போன வருஷமே பாடத்திட்டக் குழுவுல பேச்சு வந்துச்சு. மதியப் பிரிவுக்கு நாடகம் எதுக்கு, அலுவலக ஆங்கிலம் வச்சுரலாம்னு. லீவு லெட்டர், புகார் லெட்டர், இன்டர்வியூல எப்படி உக்காரணும். அவங்களுக்கும் அதுதானே உபயோகம்?"

உபயோகம் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று இருந்தது. நாடகத் தாள் போனால் பட்டத்திலிருந்து இலக்கியம் என்ற சொல்லும் போய்விடும். வெறும் பொது ஆங்கிலப் பட்டமாகிவிடும். அதை வைத்துக்கொண்டு ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க முடியாது. லாண்ட்ரி அக்கா ஆசிரியர் ஆவதற்காகவே படிக்க வந்தவள். முதல் நாளே கேட்டாள்: "அம்பது வயசுல டீச்சர் வேலை தருவாங்களா டீச்சர்?" தருவார்கள் என்று நான் சொல்லியிருந்தேன்.

"இன்டர்நெட்ல இருக்கு மேடம். நானூறு வருஷத்துப் பழசு, உரிமை கேக்க ஆளில்ல. நல்லதாத் தேடி, படிக்கறதுக்கு என்னென்ன, நடத்தறதுக்கு என்னென்னன்னு பட்டியல் போட்டுத் தர்றேன்."

"குப்பையைக் கொண்டாந்து கொட்டுனா குழு தூக்கி எறிஞ்சிரும். அஞ்சாம் தேதி கூடுது. அதுக்குள்ள உருப்படியா இருந்தா நானே எடுத்து வைக்கறேன். இல்லன்னா அலுவலக ஆங்கிலம்தான். அப்புறம் என்கிட்ட வரக்கூடாது."

மூன்று வாரம் இருந்தது.

வகுப்பில் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். கண்டக்டர்தான் ஆரம்பித்தான்.

"லீவு லெட்டர் எழுதச் சொல்லித் தரப் போறாங்களா? எங்க டிப்போவுல லீவே கிடையாதே டீச்சர். லெட்டரை வச்சு என்ன பண்ண, விசிறிக்கவா?"

லாண்ட்ரி அக்கா சிரிக்கவில்லை. "தேடுவோம். பன்னெண்டு போன் இருக்கில்ல" என்றாள்.

அன்றைக்கே தேடினோம். முதலில் வந்ததெல்லாம் குப்பைதான், பெரிய மேடம் சொன்னது பொய்யில்லை. நாடகத்தின் பெயரைத் தட்டினால் ஐந்து நிமிஷத்தில் கதை என்று ஒன்று வரும். கட்டுரை எழுதித் தருகிறோம் என்று ஒன்று கையைப் பிடித்து இழுக்கும். ஒரு வீடியோவில் இயந்திரக் குரல் ஒன்று அரசன் செத்ததையும் வானிலை அறிக்கையையும் ஒரே தொனியில் சொன்னது. கிரேன் அண்ணன் ஏதோ ஒரு பட்டனைத் தொட, அவர் போனில் மூட்டு வலி எண்ணெய் விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"அண்ணே, அதுவும் உங்களுக்குத் தேவைதான்" என்றான் கண்டக்டர்.

"உன் வாய்க்கு ஒரு எண்ணெய் இருக்கான்னு பாரு" என்றார் கிரேன் அண்ணன், தன் சின்னக் குரலில்.

அப்போது நான் கூட்ஸ் ஷெட் வழக்கம் ஒன்றைச் சொன்னேன். அங்கே வேகனிலிருந்து மூட்டையை இறக்கும்போது யாரும் எடுத்தவுடன் தோளில் ஏற்ற மாட்டார்கள். முதலில் வாய்த் தையலைப் பார்ப்பார்கள். ஆலையில் போட்ட தையல் ஒரே சீராக ஓடும். வழியில் யாராவது பிரித்து, உள்ளே கைவிட்டுவிட்டுத் திரும்பத் தைத்திருந்தால் அது கைத்தையல், கோணலாக இருக்கும். அதைக் கவனிக்காமல் தூக்கினால், எடை குறைந்த பழி தூக்கினவன் தலையில் விழும். "இங்கேயும் அதேதான். எந்தப் பிரதியிலேருந்து எடுத்தது, யாரு பதிப்பிச்சது, நடுவுல யாராவது பிரிச்சாங்களா. மூணும் தெரியாம எதையும் பட்டியல்ல ஏத்தக்கூடாது."

அதற்குப் பிறகு வேலை ஓர் ஒழுங்குக்கு வந்தது. ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொண்டார்கள். கண்டக்டர் அந்தக் காலத்துச் சொற்களுக்கான அகராதி ஒன்றைக் கண்டுபிடித்தான். ஒரு பல்கலைக்கழகம் இலவசமாக வைத்திருந்தது. இன்றைக்கு ஒரு பொருளும் அன்றைக்கு வேறு பொருளும் உள்ள சொற்களை அவன் தனி நோட்டில் எழுதினான். கிரேன் அண்ணன் ஒலிப்பதிவு தேடினார். முதல் இரண்டை ஒதுக்கிவிட்டார். "இவங்க படிக்கறாங்க, பேசல" என்றார். மூன்றாவது, நாடக நடிகர்கள் சேர்ந்து பேசிப் பதிவுசெய்தது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில் அதைக் கேட்டுக்கொண்டு வந்தார். லாண்ட்ரி அக்கா, பள்ளி ஆசிரியர்கள் தங்கள் பாடக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்கிற தளம் ஒன்றுக்குள் புகுந்து வெளியே வரவே இல்லை. அந்தக் கால மேடை எப்படி இருந்தது, திரை கிடையாது, பட்டப் பகலில் வெயிலில் நின்று நடித்தார்கள், கூட்டம் முற்றத்தில் நின்றுகொண்டே பார்த்தது என்றெல்லாம் படித்துவிட்டு வந்து சொன்னாள். "நின்னுக்கிட்டே பாத்திருக்காங்க டீச்சர். நம்மள மாதிரி ஆளுங்கதான்."

நல்ல மூலப் பிரதிதான் கிடைக்காமல் இருந்தது. பத்து நாள் ஆன பிறகு கண்டக்டர் ஒன்றைக் கொண்டுவந்தான். பார்த்ததும் எனக்கே ஆசையாகிவிட்டது. பெரிய எழுத்து. விளம்பரம் கிடையாது. வரிகளுக்கு எண் இருந்தது. கடினமான சொல்லைத் தொட்டால் பொருள் வந்தது. போனில் தெளிவாகத் தெரிந்தது, தாளில் எடுத்தால் கச்சிதமாக வந்தது. எனக்கு நேரம் குறைவு. யார் பதிப்பு என்று பார்த்தேன், ஒரு பெரிய மனிதரின் பெயர் இருந்தது. எந்த அச்சிலிருந்து எடுத்தது என்று பார்த்தேன், அதுவும் இருந்தது. மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. மூட்டை வெள்ளையாக இருந்தது, தையலைப் பார்க்காமல் தோளில் ஏற்றிவிட்டேன். கூட்ஸ் ஷெட்டில் வளர்ந்தவள் செய்யக்கூடாத காரியம் அது. வகுப்புக்கு முன்னால் வழக்கம் பேசிய நானேதான் செய்தேன்.

அன்று மாலையே பெரிய மேடத்துக்கு இணைப்பை அனுப்பினேன். "நன்றாக இருக்கிறது. நம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது" என்று பதில் வந்தது. பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்கு ஐந்து நாள் ஆயுள்.

மூன்றாம் அங்கத்தில் ஒரு காட்சி. ஒரு பிரபுவின் மாளிகைக்குப் புது எஜமான் குடிவருகிறான். அவனுடைய பெரிய மரப்பெட்டியைச் சுமைகூலிகள் இரண்டு பேர் குறுகலான படியில் மேலே ஏற்றுகிறார்கள். மேலே நின்றுகொண்டு காரியஸ்தன் அதட்டுகிறான். ஒரு கூலி, "படி குறுகல், சுவரைப் பார்த்து வா" என்கிறான். அவ்வளவுதான். உடனே காரியஸ்தன் பாய்கிறான்: "நாக்கை அடக்குங்கள், இரண்டு பேரும்! செத்தவர்களை இழுத்துவந்தா என் எஜமானை அளக்கிறீர்கள்?" அங்கேயே இரண்டு பேரையும் வேலையைவிட்டு நிறுத்துகிறான். நிறுத்தப்பட்ட அந்தக் கோபத்தில்தான் அவர்கள் பிற்பாடு எஜமானின் குட்டை வெளியே சொல்கிறார்கள். கதை அதிலேதான் திரும்புகிறது.

பகல் பிரிவில் பெரிய மேடம் சொல்லித்தருகிற மாதிரியே நானும் சொன்னேன். காரியஸ்தன் அதிகார ஆணவத்தின் வடிவம், காரணமில்லாமல் சீறுகிறவன். செத்தவர்கள் என்பது மரண பயத்தின் குறியீடு. இது தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி, வருஷம் தவறாமல் வருவது.

லாண்ட்ரி அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"டீச்சர், இது எனக்கு இடிக்குது."

"என்ன இடிக்குது அக்கா?"

"பாரம் படியில இருக்கு. அந்த நேரத்துல எந்த மேஸ்திரியும் சும்மா கத்த மாட்டான். கத்தி, தூக்கறவன் திடுக்குனு ஆகி, பெட்டி உருண்டா அவன் வேலையும் சேந்து போகும். அவன் கத்துறான்னா இவங்க ஏதோ சொல்லியிருக்கணும். சாதாரணமா இல்ல, அவனுக்கு நல்லா உறைக்கிற மாதிரி."

"படி குறுகல்னு சொன்னான்ல?" என்றான் கண்டக்டர்.

"அதுக்கா சீட்டக் கிழிப்பாங்க? ரெண்டு பேரும்ங்கறான். பேசினது ஒருத்தன்தானே? இன்னொருத்தன் வாயே திறக்கல. அவன் என்ன பாவம் பண்ணான்?"

பழைய நாடகங்களில் இப்படித்தான் இருக்கும், தர்க்கம் பார்க்கக்கூடாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். கிரேன் அண்ணன் அதற்குள் எழுந்துவிட்டார். "தூக்கிப் பாத்துரலாம்" என்றார்.

பின்வரிசையின் நீள பெஞ்சை அவரும் அக்காவும் ஆளுக்கொரு முனையில் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மாடிப்படிக்கு வகுப்பே திரண்டு வந்தது. கண்டக்டர் மேற்படியில் நின்றுகொண்டான், காரியஸ்தனாக. கைப்பையைக் கக்கத்தில் இடுக்கி, நெஞ்சை நிமிர்த்தி, அவனுடைய டிப்போ மேலதிகாரியை அப்படியே கொண்டுவந்தான்.

"ஏறுங்க ஏறுங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க!"

"அது பஸ்ஸுடா" என்றாள் அக்கா, பெஞ்சைத் தூக்கியபடி.

ஏறினார்கள். ஒன்பது படி ஏறும்வரை இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை, பேச முடியாது. படி திரும்புகிற இடத்தில் சின்னத் தளம் வந்தது. கிரேன் அண்ணன் "படி குறுகல், சுவரைப் பார்த்து வா" என்று ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு பேரும் பெஞ்சைத் தளத்தில் இறக்கினார்கள். மூச்சு வாங்கினார்கள். கண்டக்டர் மேலிருந்து, "நாக்கை அடக்குங்கள், இரண்டு பேரும்!" என்று கத்தினான்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அந்த அதட்டல் அந்தரத்தில் தொங்கியது. கீழே நின்ற எனக்கே தெரிந்தது.

"இங்கதான் டீச்சர்," என்றாள் அக்கா, கழுத்து வியர்வையை முழங்கையால் துடைத்துக்கொண்டு. "பாரத்தை இறக்கியாச்சு. மூச்சு வந்தாச்சு. இங்க வந்து வாயை மூடிக்கிட்டு நிக்கற கூலிக்காரனை நான் பாத்ததே இல்ல. எங்க லாண்ட்ரியில தொட்டியிலேருந்து போர்வையை இறக்கிட்டு நாங்க டாக்டர்மாரைப் பத்திப் பேசறதை நீங்க கேக்கணும்."

"எங்க யார்டுலயும் அப்படித்தான்" என்றார் கிரேன் அண்ணன். "இறக்கினதும் முதல் பேச்சு முதலாளியைப் பத்தித்தான்."

"இங்க இவங்க பேசியிருக்காங்க. யாரோ எடுத்துட்டாங்க."

எனக்குக் காது சுட்டது. திரும்பத் தைத்த மூட்டை. தேர்வுக் கேள்வி, குறியீடு, மதிப்பெண் என்று பேசிக்கொண்டிருந்தவள் நான். தையலைக் கண்டுபிடித்தவள் அவள்.

மறுநாள் எல்லோரும் வேலையிலிருந்து நேராக வந்தார்கள், சாப்பிடாமல்கூட. எங்கோ ஒரு பெரிய நூலகம் தன் பழைய புத்தகங்களையெல்லாம் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருந்தது. அதில் அந்த நாடகத்தின் முதல் அச்சு இருக்கிறதா என்று தேடினோம். பெயரை அந்தக் காலத்தில் வேறு மாதிரி எழுதுவார்கள், தேடினால் கிடைக்கவில்லை. கண்டக்டர் அச்சான ஆண்டைப் போட்டு, அந்த ஆண்டில் வந்த நாடகங்களை ஒன்றொன்றாகத் திறந்தான். முப்பத்தேழாவது, அதுதான்.

பழுப்புத் தாள். மறுபக்கத்து மை ஊறி இந்தப் பக்கம் தெரிந்தது. எழுத்துகளும் பழைய வடிவம். முதலில் ஒரு வரி படிக்க ஐந்து நிமிஷம் ஆனது. கண்டக்டர் கால் மணி நேரத்தில் பழகிக்கொண்டான். "கிழிஞ்ச நோட்டு, நனைஞ்ச நோட்டு எல்லாம் பாத்த கண்ணு டீச்சர்" என்றான். மூன்றாம் அங்கம் வந்தது. படி வந்தது. படி குறுகல், சுவரைப் பார்த்து வா. அடுத்தது காரியஸ்தன் இல்லை. அடுத்தது இரண்டாவது கூலி.

பதினோரு வரி இருந்தது.

கண்டக்டர் வாசிக்க, அகராதியைப் பார்த்துக்கொண்டே நான் பொருள் சொன்னேன். இரண்டாவது கூலி கேட்கிறான்: இந்தப் பெட்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? முதல் கூலி சொல்கிறான்: எஜமானின் பெருமை. அப்படியானால் ஏன் இவ்வளவு கனம்? இது அவருடைய பாட்டன் முப்பாட்டன்களின் பெருமையடா, அதனால்தான் தோள் முறிகிறது. அவருடைய சொந்தப் பெருமையாக இருந்தால் சுண்டுவிரலால் தூக்கியிருப்பேன்.

வகுப்பு வெடித்தது. கிரேன் அண்ணன் பெஞ்சில் ஓங்கி அடித்தார். அவர் அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. "செத்தவங்கன்னா அவனோட பாட்டன்மாருதான்! மரண பயம்னீங்களே டீச்சர்!"

"சொன்னேன்" என்றேன்.

கடைசி நாலு வரி காரியஸ்தனின் கட்டிலைப் பற்றியும், அவன் வெளியூர் போகும்போது அந்தக் கட்டில் தாங்குகிற பாரத்தைப் பற்றியும். அதற்கு நான் பொருள் சொல்லத் தயங்கினேன். சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோருக்கும் தானாகவே புரிந்தது. லாண்ட்ரி அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அதே நூலகத்தில் எங்கள் வெள்ளை மூட்டையின் மூலத்தையும் கண்டுபிடித்தோம். நாடகம் அச்சாகி இருநூறு வருஷம் கழித்து, வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய மனிதர் வெளியிட்ட பள்ளிப் பதிப்பு அது. தாழ்ந்தோரின் தகாத பேச்சுகள் இளையோர் நலன் கருதி நீக்கப்பட்டன என்று முன்னுரையில் அவரே எழுதியிருந்தார். கூலிகளை வேலையைவிட்டு நிறுத்துவதை மட்டும் அவரால் நீக்க முடியவில்லை. நீக்கினால் கதை நகராது. அதனால் பேச்சை எடுத்துவிட்டுத் தண்டனையை வைத்துக்கொண்டார். ஐந்து அங்கங்களிலும் சேர்த்து நாற்பத்தெட்டு வரி போயிருந்தது. அத்தனையும் வேலைக்காரர்கள் பேசியது. ஒரு பிரபுவின் பேச்சில்கூட அவர் கை வைக்கவில்லை.

"நம்ம வரியா பாத்து எடுத்திருக்கான்" என்றாள் அக்கா. அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

நாளை மறுநாள் ஐந்தாம் தேதி. பெரிய மேடத்திடம் சொல்லாமல் விட்டுவிடலாம். அவர் ஒத்துக்கொண்ட பட்டியல், குழு ஐந்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்டுவிடும். சொன்னால், மதியப் பிரிவு கொண்டுவந்த பிரதி கோளாறு என்று நானே என் வாயால் சொன்னதாகும். அலுவலக ஆங்கிலத்துக்கு நானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. வகுப்பிடம் இதைச் சொன்னேன்.

"சொல்லிருங்க டீச்சர்" என்றாள் லாண்ட்ரி அக்கா. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"போனா உங்களுக்குத்தான் அக்கா முதல் நஷ்டம். ட்ரெயினிங்..."

"தெரியுது. நாளைக்கு நான் டீச்சராப் போய், இந்தக் காட்சியை நடத்தினா என்னன்னு சொல்லித் தருவேன்? மரண பயம்னா? தெரிஞ்சப்புறம் எப்படி டீச்சர் அதைச் சொல்றது?"

மறுநாள் காலையிலேயே பெரிய மேடத்தின் அறைக்குப் போனேன். பழைய அச்சின் பக்கத்தையும் பள்ளிப் பதிப்பின் முன்னுரையையும் தாளில் எடுத்து மேஜையில் வைத்தேன். தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது அவர்கள் என்று சொல்லிவிட்டு நின்றேன்.

அவர் பதினோரு வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு துணி அட்டை போட்ட தன் புத்தகத்தைத் திறந்தார். மூன்றாம் அங்கம். அவர் விரல் படிக்காட்சியில் நின்றது. படி குறுகல். அடுத்த வரி காரியஸ்தன். ஓரத்தில் பென்சிலில் அவர் கையெழுத்து: மரண பயத்தின் குறியீடு. பகல் பிரிவின் முப்பது காப்பியும் அதே பெரிய மனிதரின் பள்ளிப் பதிப்புக்கு வாரிசுதான். நம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது என்று மேடம் பதில் எழுதியது இதனால்தான்.

நான் அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"பதினெட்டு வருஷம்" என்றார். பென்சில் குறிப்பை விரலால் தடவிவிட்டு, "ஒரு பிள்ளைகூட கேக்கலையே. நானும் கேக்கலையே" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். முடிந்தது என்று நினைத்தேன். துடைத்துவிட்டுத் திரும்ப மாட்டிக்கொண்டார். "யாரு முதல்ல கண்டுபிடிச்சது?"

"சலவைக் கூடத்துல வேலை பாக்கற ஒரு அக்கா. அவங்களும் கிரேன் ஓட்டற ஒருத்தரும் பெஞ்சைத் தூக்கிட்டுப் படியேறிப் பாத்தாங்க."

"நாளைக்கு மூணு மணிக்கு குழு. அவங்களைக் கூட்டிட்டு வாங்க. தூக்கினாங்களே, அந்தக் கிரேன்காரரையும்."

குழுவில் ஐந்து பேர். நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், காற்று எட்டாமல் சுற்றுகிற மின்விசிறி. லாண்ட்ரி அக்கா ஆஸ்பத்திரிச் சீருடையோடு வந்திருந்தாள், மாற்றிக்கொள்ள நேரமில்லை. முழங்கைவரை தோல் ஊறி வெளுத்திருந்தது. பெரிய மேடம் எழுந்து விஷயத்தைச் சொன்னார். தன் புத்தகத்தைப் பற்றியும் சொன்னார், அதை மறைக்கவில்லை. அந்த மனுஷியின் மீது எனக்கு முதன்முதலாக மரியாதை வந்தது அப்போதுதான்.

நரைத்த தலைக்காரர் ஒருவர் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "நிபுணர்கள் விட்டதை நீங்க எப்படிம்மா பிடிச்சீங்க? ஆராய்ச்சி ஏதாவது படிச்சீங்களா?"

"இல்ல சார். நான் பாரம் தூக்கறவ. பாரம் இறக்கின இடத்துல பேச்சு இருக்கும். இதுல இல்ல. அதான் தேடினோம்."

"இதை வகுப்புல எப்படி நடத்துவீங்க?"

கேட்டது விளையாட்டுக்கா நிஜத்துக்கா என்று எனக்குத் தெரியவில்லை. அக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். "முதல்ல பள்ளிப் பதிப்பைக் கொடுத்து, பெஞ்சைத் தூக்கிட்டுப் படியில ஏறச் சொல்வேன் சார். எங்க இடிக்குதுன்னு பிள்ளைங்களே சொல்லணும். அப்புறம்தான் பழைய அச்சைக் காட்டுவேன். அகராதி, நடிச்ச பதிவு, மேடைப் படம் எல்லாத்துக்கும் இணைப்பு இதுல இருக்கு. எது எதுக்கு ஆகும், எது ஆகாதுன்னும் எழுதியிருக்கோம்."

ஒன்பது பக்கப் பட்டியலை மேஜையில் வைத்தாள். நரைத்த தலைக்காரர் புரட்டினார். பிறகு, "அந்தப் பதினோரு வரியைச் சொல்லுங்க, கேப்போம்" என்றார்.

அக்காவும் கிரேன் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். புத்தகம் இல்லாமல் சொன்னார்கள், ஆங்கிலத்தில். கிரேன் அண்ணனின் சின்னக் குரல் அந்த அறைக்குப் போதுமானதாக இருந்தது. பெருமையின் கனம் வந்த இடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். கட்டில் வந்த இடத்தில் நரைத்த தலைக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நெடுநேரம் குடித்தார். என் கண் நிறைந்துவிட்டது. அதை அவர்கள் பார்க்கக்கூடாதே என்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நாடகத் தாள் இருக்கட்டும் என்று தீர்மானமாயிற்று, இரண்டு பிரிவுக்கும். பகல் பிரிவும் இனி மதியப் பிரிவின் பட்டியலைத்தான் பயன்படுத்தும். பட்டியலைத் தொகுத்தவர் என்று துறையின் பெயரைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். பெரிய மேடம் ஒத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு பேரின் பெயரும், ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்தில் அவரவர் பார்க்கிற வேலையும் போட வேண்டும் என்றார். அப்படியே ஆயிற்று.

திங்கட்கிழமை இரண்டரை மணிக்கு நான் வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி பெஞ்சில் பெரிய மேடம் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்ற வகுப்பை உட்காரச் சொல்லிக் கைகாட்டினார். துணி அட்டைப் புத்தகம் மூன்றாம் அங்கத்தில் திறந்திருந்தது. பழைய பென்சில் குறிப்பை ரப்பரால் அழித்திருந்தார். தாள் அந்த இடத்தில் மட்டும் வெளுத்துப் போயிருந்தது.

"ஓரத்துல எழுதிக்கறேன். ஒவ்வொரு வரியாச் சொல்லுங்க" என்றார் லாண்ட்ரி அக்காவைப் பார்த்து.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை இழுத்துச் சுவரோரம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் எழுந்து கரும்பலகைப் பக்கம் வந்து, ஈரம் ஊறிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சாக்பீஸை எடுத்தாள்.

"முதல் வரியை எழுதிக்குங்க மேடம்" என்றாள். "எழுதிட்டு ஒரு மூச்சு விடுங்க. அடுத்த வரி அப்புறம்தான்."